விடுதி உணவகம்: ஒரு வரலாற்று நோக்கு

'ஹோட்டல்' என்னும் சொல் தமிழர் வழக்கில் வியத்தகு மாற்றம் ஒன்றை அடைந்துள்ளது. ஆங்கிலேயருக்கு அது தங்கும் இடம். நமக்கோ அது உண்ணும் இடம். 'ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம்' என்று வீட்டில் ஒருவர் கூறினால், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலோ கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள வாழையிலைச் சாப்பாட்டுக் கடையே நம் மனக்கண்முன் தோன்றும். நூற்றுக்கணக்கான அறைகளைக் கொண்ட பெரிய தங்கும் விடுதியும் அதனுள் இயங்கும் உணவகமும் தோன்றுவதில்லை. அவை வெளிநாட்டுப் பயணிகளுக்கும் செல்வர்களுக்கும் உரியவை என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. குடும்பத்தோடு வெளியே சென்று உண்ண விரும்பும் ஒருவர் இத்தகைய விடுதி உணவகத்தை நாடுவது தகுமா? விலைப்பட்டியலை மட்டும் பார்த்து இவ்வினாவிற்கு விடை கூறிவிட இயலாது. அந்த உணவு மேசை எவ்வாறு தோன்றியது, அதில் அமர்ந்தவர் யார், அதற்குச் சமைத்தவர் யார் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும்.

விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். வழிப்போக்கருக்கு விலையின்றிச் சோறிடும் சத்திரங்களும் தமிழ்நாட்டில் பல இருந்தன. விலைக்கு விருந்தளிக்கும் விடுதி இவற்றினின்று வேறுபட்டது. மேலைநாட்டிலும் பழைய விடுதிகளில் உணவு என்பது தங்குவோருக்கான ஓர் ஏற்பாடாகவே பெரும்பாலும் இருந்தது. குறித்த நேரத்தில், பொது மேசையில், சமைத்ததை எல்லாரும் உண்பர். இலண்டனில் 1889ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சவாய் விடுதி இம்முறை மாறுவதற்குப் பெருந்துணை புரிந்தது. அதன் நிருவாகத்தை ஏற்ற சேசர் ரிட்ஸ் என்பவரும், சமையற்கூடத்தை ஏற்ற எஸ்கோஃபியர் என்பவரும், அறை எடுத்துத் தங்காத நகரத்தாரும் உணவிற்கென்றே விடுதிக்கு வரும் வழக்கத்தை வளர்த்தனர். குடும்பப் பெண்கள் பொது இடத்தில் அமர்ந்து உண்பது மதிப்புக்குரியதாக ஏற்கப்பட்டதற்கும் இத்தகைய விடுதிகள் ஒரு காரணமாகும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பாரசீகத்திலிருந்து வந்த ஆர்மீனியரான சார்க்கிஸ் உடன்பிறப்புகள் பினாங்கில் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதியை உருவாக்கியவர்கள். அவர்களே 1887ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சிங்கப்பூரின் கடற்கரைச் சாலையில், பத்து அறைகள் கொண்ட ஒரு பழைய மாளிகையில் ராஃபிள்ஸ் விடுதியைத் தொடங்கினர். 1889இல் சிங்கப்பூர் வந்த எழுத்தாளர் கிப்ளிங், அவ்விடுதியின் உணவு மிக நன்று என்றும் அறைகள் நன்றாக இல்லை என்றும் எழுதினார். ஆகவே அங்கே உண்டுவிட்டு வேறொரு விடுதியில் உறங்குமாறு பயணிகளுக்கு அறிவுரையும் கூறினார். விடுதியாரோ அவ்வுரையின் முற்பாதியை மட்டும் எடுத்து விளம்பரம் செய்துகொண்டனர்! நகைப்புக்குரிய செய்தியாயினும் இதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. நம் நாடுகளின் புகழ்பெற்ற விடுதி ஒன்று, உறங்கும் இடமாகப் பெயர் பெறுமுன்னரே உண்ணும் இடமாகப் பெயர் பெற்றுவிட்டது. 1899இல் அதன் பெரிய கட்டடம் எழுந்தபோது, விரிந்த உணவு மண்டபமே அதன் நடுநாயகமாக விளங்கியது.

அம்மேசைகளில் பரிமாறப்பட்ட உணவு முற்றிலும் ஐரோப்பிய உணவன்று. ஞாயிறுதோறும் நண்பகலில் சோறும் பலவகைக் கறிகளும் உண்ணும் 'டிஃபின்' வழக்கம் ஆங்கிலேயரிடையே வேரூன்றியிருந்தது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் நண்பகல் உணவுக்கு இட்ட இப்பெயரையே நாம் 'டிபன்' ஆக்கி இட்டலிக்கும் தோசைக்கும் உரியதாக்கிக் கொண்டோம். இதற்கு எதிராக, நம் வீட்டு 'மிளகுத்தண்ணீர்' அவர்கள் நாவில் 'மல்லிகாடானி' ஆயிற்று. உணவுக்கு முன் சூப் பருகும் வழக்கமுடைய அவர்கள் நம் மிளகு நீரில் இறைச்சியையும் சேர்த்துக் கெட்டியாக்கிக் கொண்டனர். இவ்வாறு தமிழர் அடுக்களையிலிருந்து புறப்பட்ட ஒன்று, வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் வேற்றுப் பெயரோடு வீற்றிருந்தது. அதனை அம்மேசையில் அமர்ந்து உண்ட தமிழர் மிகச் சிலரே என்பதையும் மறத்தல் கூடாது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அம்மண்டபங்கள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியனவாக இருந்தன. ஆசியர் பலர் அங்கே நுழைந்தது பணியாளராகவே.

அப்பணியாளருள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர். ஏனைய சீனக் குழுவினருக்குப் பின்னர் இங்கு வந்தமையால், வாணிகத்தில் அவர்களுக்கு இடம் குறைவாக இருந்தது. ஆகவே வெள்ளையர் இல்லங்களிலும் விடுதிகளிலும் கப்பல்களிலும் சமையற்காரராகவும் பரிமாறுவோராகவும் அமர்ந்தனர். ராஃபிள்ஸ் விடுதியின் 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்னும் பானத்தை ஏறத்தாழ 1915ஆம் ஆண்டில் ஆக்கியவராகக் கூறப்படும் ஙியாம் தோங் பூன் ஒரு ஹைனானியரே. இவர்கள் கற்ற மேலைநாட்டுச் சமையலோடு தம் கைப்பக்குவத்தையும் சேர்த்தனர். பொரித்த கோழியின்மேல் பழுப்புக் குழம்பை ஊற்றி, பட்டாணியும் உருளைக்கிழங்கும் வைத்துத் தரும் 'சிக்கன் சாப்' இவ்வாறு உருவானதே. பின்னர் இவர்கள் தாமே காப்பிக் கடைகளையும் சிற்றுண்டிச் சாலைகளையும் திறந்தபோது, துரைமாரின் மேசைக்குரிய உணவு தெருவோரத்துப் பளிங்கு மேசைக்கு இறங்கி வந்தது. கோலாலம்பூரில் 1921இல் தொடங்கப்பெற்ற கொலிசியம் கஃபே இவ்வரலாற்றின் புகழ்பெற்ற சின்னமாகும்.

விடுதலை வந்தபின் மண்டபக் கதவுகள் பொதுமக்களுக்கும் திறந்தன. மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரில் ஃபெடரல் விடுதி திறக்கப்பட்டது. திருமண விருந்துகளும் சங்கங்களின் ஆண்டு விருந்துகளும் நாளடைவில் விடுதி மண்டபங்களை நாடின. உணவின் பயணமும் திசை மாறியது. தெருவோரக் கடைகளில் விற்ற ஹைனான் கோழிச் சோற்றைச் சிங்கப்பூர் மாண்டரின் விடுதியின் 'சாட்டர்பாக்ஸ்' உணவகம் 1971இல் குளிரூட்டிய அறைக்குள் கொண்டு சென்று, கடை விலையைப் போலப் பன்மடங்கு விலையில் பரிமாறியது. அவ்விடுதி 2022இல் ஹில்டன் என்று பெயர் மாறிய பின்னும், அந்தக் கோழிச் சோற்றிற்காக மக்கள் அங்கே செல்கின்றனர். ஆக, ஒரு காலத்தில் விடுதியிலிருந்து தெருவுக்கு உணவு சென்றது. பிறிதொரு காலத்தில் தெருவிலிருந்து விடுதிக்குச் சென்றது. சுவை எந்தக் கட்டடத்திற்கும் தனியுரிமை அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவும் அறிந்தபின், தொடக்கத்தில் எழுந்த வினாவை மீண்டும் நோக்குவோம். விடுதி உணவகத்திற்கு எதிராகக் கூறத்தக்கவை உள. தங்கியிருப்போர் வேறிடம் தேடாது அங்கேயே உண்பர் என்ற துணிவால், சில விடுதிகள் சமையலில் ஊக்கம் குன்றிவிடுகின்றன. பல நாட்டினரையும் நிறைவுசெய்ய எண்ணி எவருக்கும் நிறைவளிக்காத உணவைப் படைப்பதும் உண்டு. செலவும் எண்ணத்தக்கது. சிங்கப்பூரில் 100 வெள்ளி என்று பட்டியலில் கண்ட உணவுக்கு, வழக்கமான 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்தைச் சேர்த்தால் 110 வெள்ளி ஆகும்; அதன்மேல் 2024 முதல் நடப்பில் உள்ள 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியையும் சேர்த்தால் 119 வெள்ளி 90 காசு ஆகும். மாதச் சம்பளக்காரர் இதனை எண்ணாதிருக்க முடியாது.

ஆயினும் சார்பாகக் கூறத்தக்கவையும் உள. பெரிய சமையற்கூடம் ஒரு பயிற்சிக்கூடமும் ஆகும். அங்கே இளைஞர் முறையாகத் தொழில் கற்கின்றனர். கற்றவர் வெளியேறித் தம் கடைகளைத் திறக்கின்றனர். அன்றைய ஹைனானியர் செய்ததும் இதுவே. மேலும், முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் சென்று, இடம் தருமாறு எவரும் பின்னால் நின்று விரைவுபடுத்தாமல், இரண்டு மணி நேரம் பேசி மகிழ்ந்து உண்ணும் அமைதி கடைத்தெருவில் எளிதில் கிட்டுவதன்று.

ஆகவே அளவுகோல் ஒன்றே. தனக்கென ஓர் உணவை உருவாக்கி அல்லது ஏற்றுப் பல்லாண்டு பேணிவரும் விடுதி உணவகம் செல்லத்தக்கது. சரவிளக்கின் ஒளியை மட்டும் விலைக்கு விற்கும் உணவகம் செல்லத்தக்கதன்று. பிறர் காணவேண்டும் என்பதற்காகச் செல்வோர், முன்னாளில் நம்மை வெளியே நிறுத்திய அதே தகுதிப் பெருமையைத் தாமும் விலை கொடுத்து வாங்குகின்றனர். எளியவர் செல்லத் தயங்குவதும் தேவையற்றதே. அந்த மேசையின் சுவையில் நம் மிளகும் நம் மண்ணின் உழைப்பும் கலந்துள்ளன.

ஆசிரியர்களும் மாணவர்களும் மேலும் ஒன்றைக் கருதுதல் நலம். விடுதிகளின் வரலாற்றில் உரிமையாளர் பெயர்கள் உண்டு. தங்கிச் சென்ற புகழாளர் பெயர்களும் உண்டு. சமைத்தவர் பெயர்களோ ஒன்றிரண்டே எஞ்சியுள்ளன. நம் ஊர்களில் இன்னும் பழைய உணவுக் கடைகளும், அவற்றில் நரைத்த தலையோடு அடுப்படியில் நிற்கும் முதியோரும் உளர். எங்கே, யாரிடம் தொழில் கற்றார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவருமாறு மாணவர்களைப் பணிக்கலாம். அவர்கள் மறைந்தபின் அவ்வரலாற்றை எந்த நூலிலும் தேடி எடுக்க இயலாது.