மூளைக் களைப்பும் மாணவ இளைஞரும்

மாணவப் பருவம் நீங்கி, முழு மனிதராய்ப் பொறுப்பேற்கும் காலம் எச்சமுதாயத்திலும் இடர் மிக்கது. அக்காலத்து உளத்துயரை ஆற்றப் புகும் மருத்துவர், துயருற்றவரின் பண்பாட்டை அறிந்திருத்தல் வேண்டும் என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆயின், பண்பாட்டை அறிதல் என்பது யாது? ஓரினத்தாரின் இயல்பு இதுவென முன்னரே வரையறுத்துக் கொள்வதா? அன்றி, எதிரே அமர்ந்திருப்பவரின் வாழ்வையும் உறவுகளையும் அவர் வாயிலாகவே கேட்டறிவதா? மேலை ஆபிரிக்க நாடாகிய நைஜீரியாவின் உளமருத்துவ வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விடை தருகின்றது.

அந்நாட்டின் அபியோகுத்தா நகரில் 1923 இல் பிறந்த தோமஸ் அடேயோயே லாம்போ, இங்கிலாந்திலே மருத்துவமும் உளமருத்துவமும் பயின்று தாயகம் மீண்டார். தம் பிறந்தகத்தை அடுத்த ஆரோ என்னுமிடத்தில் எழுந்துகொண்டிருந்த உளநோய் வைத்தியசாலை அவர் பொறுப்பாயிற்று. கட்டடங்கள் முற்றுப்பெறும்வரை அவர் காத்திருந்தாரல்லர். 1954 இல், சூழவுள்ள ஊர்களிலேயே நோயாளரைத் தங்கவைத்து, நாடோறும் வைத்தியசாலைக்கு வரச்செய்தார். நோயாளர் ஒவ்வொருவருடனும் உறவினர் ஒருவரேனும் உடனுறைதல் வேண்டும் என்பது விதி. அவ்வுறவினரே உணவு சமைப்பர், துணை நிற்பர். யொரூபா மக்களின் மரபுவழி மருத்துவரையும் லாம்போ புறக்கணியாது உடன்சேர்த்துக் கொண்டார். மதிலுக்குள் அடைத்துவைக்கும் குடியேற்றகால முறைக்கு மாறாக, உறவே மருந்தின் ஒரு கூறாயிற்று.

இவ்வைத்தியசாலையிற் பணியாற்றிய கனடா நாட்டு உளமருத்துவர் றேமண்ட் பிரின்ஸ், 1960 இல், நைஜீரியா விடுதலை பெற்ற அதே ஆண்டில், ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். உயர்கல்வி பயிலும் மாணவர் பலர், படித்தது மனத்திற் பதியவில்லை, எழுத்து கண்ணுக்குப் புலனாகவில்லை, தலையும் கழுத்தும் எரிகின்றன என்று முறையிட்டனர். அவர்களே தம் துன்பத்தை 'மூளைக் களைப்பு' என்னும் பொருள்பட்ட ஆங்கிலத் தொடராற் குறித்தனர். குடும்பத்தார் பலரும் பொருள் திரட்டிப் படிப்பித்த பிள்ளை, நாளை அக்குடும்பத்தைத் தாங்கவேண்டியவன். இச்சுமையைப் பிரின்ஸ் நுணுகிக் கண்டார். ஆயின், கூடிவாழும் ஆபிரிக்க மரபுக்குத் தனித்திருந்து பயிலும் ஐரோப்பியக் கல்வி ஒவ்வாமையே நோயின் ஏதுவெனவும் கருதினார்.

இக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1994 இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் நான்காம் பதிப்பு, இதனைக் குறித்த பண்பாட்டுக்குரிய நோய்களுள் ஒன்றாக எண்ணியது. ஆனால், 2020 இல் வெளிவந்த ஒரு வரலாற்றாய்வு எதிர்பாராத உண்மையொன்றைத் தெளிவாக்கிற்று. அந்த ஆங்கிலத் தொடர், 19 ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவிலே அளவிறந்த படிப்பாலும் மூளையுழைப்பாலும் வாடியோரைக் குறித்து வழங்கியதேயாம். ஐரோப்பியக் கல்வியை ஐரோப்பியரே பயின்று களைத்த காலத்துப் பெயர், பின்னர் ஆபிரிக்கருக்கே சிறப்பாக உரிய நோயின் பெயராயிற்று!

இதனாற் பெறப்படுவது யாது? மாணவரின் துயர் பொய்யன்று. குடும்பச் சுமையும் பொய்யன்று. பிழைத்தது, அத்துயரை ஓரினத்தின் இயல்பாகக் கொண்ட முடிபே. பண்பாட்டை மதித்தல் என்ற பெயராலேயே ஓர் இளைஞரைக் கல்விக்கு ஒவ்வாதவராகக் கணித்துவிடவுங் கூடும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. 2013 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் இந்நோய் தனிப்பதிவாக இடம்பெறவில்லை. அப்பதிப்பு, 16 வினாக்கள் கொண்ட நேர்காணல் முறையொன்றைத் தந்தது. உமது இடர் யாது, அதன் காரணம் யாதென நீர் கருதுகின்றீர், உமக்குத் துணையாவார் யாவர் என நோயுற்றவரையே வினவுவது அம்முறை.

லாம்போ உறவினரை உடனழைத்தமையும் இவ்வினாக்களும் ஒருநெறிப்பட்டனவே. தேர்வுக் காலத்தில் 'தலை எரிகின்றது' என்று கூறும் மாணவரை எதிர்கொள்ளும் ஆசிரியருக்கும் இந்நெறி பொருந்தும். சோம்பல் என்றோ, பரம்பரை இயல்பு என்றோ பெயரிடுதல் எளிது. அம்மாணவர் எவருடைய நம்பிக்கையைச் சுமந்துகொண்டு படிக்கின்றார் எனக் கேட்டறிதலே, துயராற்றும் பணியின் முதற்படியாகும்.