கரைந்த உப்பும் கைவிட்ட பொறியும்

மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி கட்டி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு உப்பு விளைவிக்கின்றனர். விளைந்ததை வாருமுன் பெருமழை பெய்தால் உழைப்பெல்லாம் நீரோடு நீராகும். அவ் விளைவைச் சந்தை அறியாது. பொறித்தொழில் உலகிலும் அங்ஙனம் சந்தை காணாத விளைவுகள் உண்டு. அவற்றுள் ஒன்றைக் காண்போம்.

ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனமும் ஸோனி நிறுவனமும் 1988-இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. நிண்டெண்டோவின் வீடியோ விளையாட்டுப் பொறியில் குறுந்தகட்டையும் இயங்கச் செய்வதே நோக்கம். 1991 ஜூன் மாதம் சிகாகோ கண்காட்சியில் ஸோனி அப் பொறியை அறிவித்தது. மறுநாளே நிண்டெண்டோ, பிலிப்ஸ் நிறுவனத்தோடு சேரப்போவதாகக் கூறிற்று! குறுந்தகட்டு விளையாட்டுகளின் உரிமை யாருக்கு என்பதே பிணக்கின் வேர்.

கூட்டுப் பொறி கடைக்கு வரவில்லை. ஆயினும், அதனால் பெற்ற அறிவு கரைந்து போகவில்லை. கென் குட்டராகி என்னும் பொறியாளரின் விடாமுயற்சியால் ஸோனி தனித்து உழைத்து, 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷனை வெளியிட்டது. அது 10 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று.

கைவிட்ட மாதிரிப் பொறிகளுள் ஒன்று 2015-இல் வெளிப்பட்டது. 2020-இல் 3,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று. நிண்டெண்டோவின் விளையாட்டுப் பேழையைச் செருகும் வாயும், குறுந்தகட்டை வைக்கும் தட்டும் ஒருங்கே உடைய அது, முறிந்த உடன்பாட்டுக்குக் கண்கண்ட சான்றாகும்.

மாணவ நண்பர்களே! வென்றவற்றை மட்டும் எழுதினால் அது விற்பனைக் கணக்கு. கைவிட்டவற்றையும் சேர்த்தால்தான் வரலாறு. உங்கள் கல்லூரிக் கிடங்கில் தூசி படிந்து கிடக்கும் கருவியை எறியுமுன், அதன் கதையைக் கேட்டறிந்து எழுதி வையுங்கள்.