பெட்டரியில் ஓடும் ஹோர்ன்

 

போன வாரம் பதுளை டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஓ.எல். வரை விஞ்ஞானம் படித்த தோட்டத்துப் பொடியன் ஒருவன், தானே செய்த அம்பிளிபயரைக் கொண்டு வந்திருந்தான். இரண்டு பெட்டரியில், 24 வோல்ட்டில் ஓடுவது. சத்தம் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் அரை மணித்தியாலத்தில் கை வைக்க முடியாத சூடு. "சேர், இது சூடாகக் கூடாத வகை. அதுதான் எனக்கு விளங்கல்ல" என்றான். அதைத் திருத்திய கதையைத்தான் எழுத வந்தேன். ஆனால் கதை நூறு வருஷத்துக்கு முன்னால் தொடங்குகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் வானொலி, கடையில் வாங்கிய பெட்டியில் தொடங்கியதல்ல. 1921இல் தந்தித் திணைக்களத்துக்குப் பொறியியலாளராக வந்தவர் எட்வர்ட் ஹார்ப்பர். உலக யுத்தத்தில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வயர்லெஸ் சாமான்களைக் கொண்டு திணைக்களத்து ஆட்களே ஒரு சின்ன ஒலிபரப்பியைச் செய்தார்கள். கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசை போனது. 1925 டிசம்பர் 16இல் முறையான சேவை தொடங்கியது. பதுளைக்கு ரயில் வந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் அந்தக் காலத்திலேயே ஓடைத் தண்ணீரில் டர்பைன் சுற்றியது. தொழிற்சாலைக்கு வெளிச்சம் இருந்தது, துரையின் பங்களாவுக்கும் இருந்தது. லயத்துக்கு மட்டும் மண்ணெண்ணெய் விளக்கு. அதனால் தோட்டத்தில் ரேடியோ என்றாலே பெட்டரிதான். பாட்டுக்கு வேறாக, செய்திக்கு வேறாகக் கணக்குப் பார்த்துத் திருகியவர்களை நானே பார்த்திருக்கிறேன். தேர்தல் கூட்டம், சங்கக் கூட்டம், கோயில் திருவிழா, எங்கள் மீலாத் விழா எல்லாவற்றுக்கும் டவுனிலிருந்து வாடகைக்கு அம்பிளிபயர் போகும், கூடவே கார் பெட்டரியோ ஜெனரேட்டரோ போகும்.

முதலில் வால்வு. பிறகு டிரான்சிஸ்டர். 60களில் ஆர்.சி.ஏ. கம்பெனி கொண்டுவந்த 2என்3055 என்ற இரும்புத் தொப்பி போட்ட டிரான்சிஸ்டரைத் தெரியாத ரிப்பேர்காரர் இந்த மாகாணத்தில் இருக்க மாட்டார். நல்ல சாமான், ஆனால் அதை வைத்துக் கட்டும் அம்பிளிபயர் பாதி திறந்த குழாய் மாதிரி வேலை செய்கிறது. பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப டிரான்சிஸ்டர் அரைகுறையாகத் திறந்து நிற்கும், அப்படி நிற்கும்போது பெட்டரியின் சக்தி சூடாகப் போய்விடும். கணக்குப்படி மிக அதிகமாக எடுக்கக் கூடியதே நூற்றுக்கு 78 தான், அதுவும் முழுச் சத்தத்தில். சாதாரணப் பேச்சில் பாதி கூடக் கிடைக்காது.

இதற்கு மாற்று வழி 50களிலேயே வந்துவிட்டது. தொலைபேசிக் குரலை எண்களாக மாற்றும் முறையை 1937இல் கண்டுபிடித்த அலெக் ரீவ்ஸின் பெயரைத்தான் இதற்கும் சொல்வார்கள். பாதி திறக்காதே, ஒன்றில் முழுதாகத் திற, இல்லாவிட்டால் முழுதாக மூடு. ஒரு செக்கனுக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடு. திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தால் அதுவே பாட்டு. இதன் பெயர் கிளாஸ் டி. டி என்றால் டிஜிட்டல் என்று பலர் நினைக்கிறார்கள், ஏ, பி, சி வந்தபின் அடுத்த எழுத்து டி, அவ்வளவுதான். 1964இல் சின்கிளேர் கம்பெனி எக்ஸ்-10 என்று இதை வீட்டில் பூட்டிக்கொள்ளும் கிட் ஆக விற்றது. பெயரில் பத்து, கிடைத்ததோ இரண்டரை வாட். அன்றைய டிரான்சிஸ்டருக்கு அந்த வேகம் இல்லை. சோனி 1978இல் டி.ஏ-என்88 என்று ஒன்றை விட்டது, ஆனால் விலை நமக்கானதல்ல. மொஸ்பெட் மலிந்த பிறகுதான் இது சாதாரண ஆட்கள் கைக்கு வந்தது.

இப்போது பொடியனின் பெட்டி. வெளியீட்டுப் பகுதியில் ஐ.ஆர்.எஃப் 540 மொஸ்பெட் போட்டிருந்தான். சூடானதும் யாரோ சொன்னதைக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்திருக்கிறான். சூடு இன்னும் கூடிவிட்டது. கடைக்கார நானா சிரித்தார். "மகன், பெரிய கதவு போட்டா ஆள் போக லேசுதான். ஆனா செக்கனுக்கு நாலு லட்சம் தரம் அதைத் திறந்து மூடுறது யாரு?"

விஷயம் அதுதான். மொஸ்பெட்டின் கேட் ஒரு சின்னப் பாத்திரம் மாதிரி, ஒவ்வொரு முறையும் அதை நிரப்பிக் காலி செய்ய வேண்டும். 540இன் பாத்திரம் 71 நனோகூலோம் வரை. கிளாஸ் டிக்கென்றே செய்த ஐ.ஆர்.எஃப்.பி 4019இல் அது 13 தான். பெரிய பாத்திரம் நிரம்பும் வரை மொஸ்பெட் பாதி திறந்து நிற்கிறது, திரும்பவும் பழைய குழாய்க் கதை. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து நாலு சாமான் எடுப்பித்து மாற்றினார்கள். ஒன்று மூடி மற்றது திறக்கும் இடைவெளியையும் கொஞ்சம் கூட்டினார்கள், இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் பெட்டரி நேரே ஷோர்ட் ஆகும். அதிகம் கூட்டினால் பேச்சு கரகரக்கும், அதனால் காதால் கேட்டுக் கேட்டுத்தான் வைத்தார்கள்.

அடுத்தது சுருள். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையத்தில் சுற்றியிருந்தான். இந்த வேகத்தில் அது தானே அடுப்பாகிவிடும். சிவப்பு வளையத்துக்கு மாற்றியதும் கை வைக்க முடிந்தது. இன்னொரு முறைப்பாடும் தீர்ந்தது. இவன் ஹோர்னைப் போட்டால் பக்கத்து லயத்து ரேடியோவில் மத்திய அலை இரைகிறதாம். 400 கிலோஹேர்ட்ஸில் ஓடும் பெட்டியின் மடங்குகள் 800, 1200 என்று நேரே ரேடியோ அலைவரிசைக்குள் விழும், ஹோர்னுக்கு இழுத்த நீள வயர் அதற்கு அன்டெனா. வடிகட்டிக்கு நல்ல பிலிம் கபாசிட்டர் போட்டு அடக்கினார்கள். ரேடியோவும் ஸ்பீக்கரும் இப்படிச் சண்டை பிடிப்பது ஹார்ப்பருக்குத் தெரிந்திருந்தால் ரசித்திருப்பார்.

இதற்கெல்லாம் ஏன் இந்தப் பாடு? 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது மலையகத்தில் பல இடங்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அந்த மாதிரி இரவில் மேல் கணக்கிலிருந்து கீழ் லயத்துக்குச் சத்தம் போக ஒரு ஹோர்னும் பெட்டரியும்தான் மிச்சம். ஹோர்னில் 10 வாட் எடுக்க பழைய வகை ஏறக்குறைய 25 வாட் இழுக்கும், இது 12 வாட். அதாவது அதே பெட்டரியில் இரண்டு மடங்கு நேரம்.

ஆனால் ஒன்று. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று சரிவுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சனங்களுக்குப் போக வேறு காணி இருக்கவில்லை. அந்தக் குறையை எந்த மொஸ்பெட்டாலும் தீர்க்க முடியாது, இதை அம்பிளிபயர் செய்தவனே எனக்குச் சொன்னான்.

பெட்டி இப்போது அவனுடைய தோட்டத்துக் கோயிலில் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் பள்ளிவாசலுக்கும் ஒன்று செய்யக் கேட்டிருக்கிறோம். வீட்டில் பாவிக்காத, ஆனால் சார்ஜ் நிற்கும் 12 வோல்ட் பெட்டரி இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். அந்தக் கால வால்வு அம்பிளிபயர் வைத்திருப்பவர்கள் படம் எடுத்து கீழே போடுங்கள், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.