பெயரற்ற ஊரிலிருந்து நியூகாசிலுக்கு: ‘கெட் கார்ட்டர்’ உருவான வரலாறு

குற்றநாவலைத் திரைப்படமாக்கும் வழக்கம் பிரிட்டிஷ் திரைத்துறையில் மௌனப்படக் காலத்திலேயே வேரூன்றிவிட்டது; மேரி பெலாக் லவுண்ட்ஸ் எழுதிய ‘தி லாட்ஜர்’ நாவலை 1927இலும், ஜான் பக்கனின் ‘தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ நாவலை 1935இலும் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் படமாக்கினார். கிரேயம் கிரீன் 1938இல் வெளியிட்ட ‘பிரைட்டன் ராக்’ நாவலை 1947இல் போல்டிங் சகோதரர்கள் திரைக்குக் கொண்டுவந்தபோது, இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் பிரைட்டனில் இருந்த ரவுடிக் கூட்டங்கள் இப்போது ஒழிந்துவிட்டன என்று உறுதி கூறும் வாசகத்தைப் படத்தின் தொடக்கத்திலேயே காட்டினர். ஓர் ஊரைக் குற்றத்தின் இருப்பிடமாக எழுத்தில் சித்திரிப்பது ஒன்று, அதன் தெருக்களையும் கடற்கரையையும் கேமராவில் பிடித்து ஊராரின் கண்முன்னே வைப்பது வேறொன்று என்ற தயக்கம் அந்த வாசகத்தில் தெரிகிறது. 1971 மார்ச்சில் பிரிட்டனில் வெளியான ‘கெட் கார்ட்டர்’ அத்தகைய சமாதானம் எதையும் சொல்லவில்லை. அதற்கு மாறாக, நாவலில் பெயர் கூடக் குறிப்பிடப்படாத ஓர் ஊரில் நடந்த கதையை எடுத்துச் சென்று, பெயரும் முகவரியும் உள்ள நியூகாசில் நகரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நிறுத்தியது. இந்த இடமாற்றமே அப்படத்தின் தழுவலில் மிக முக்கியமான செயல் என்பதும், நாவலில் கதைசொல்லியின் குரல் செய்த வேலையைப் படத்தில் ஊர் ஏற்றுக்கொண்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

நாவலின் மூலப்பெயர் ‘ஜாக்ஸ் ரிட்டர்ன் ஹோம்’. அதை எழுதிய டெட் லூயிஸ் 1940இல் மான்செஸ்டரில் பிறந்து, ஹம்பர் ஆற்றின் தென்கரையில் லிங்கன்ஷயரைச் சேர்ந்த பார்ட்டன் என்ற சிற்றூரில் வளர்ந்து, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஹல் நகரின் கலைக்கல்லூரியில் ஓவியம் பயின்றவர்; பீட்டில்ஸ் குழுவின் பாடல்களை வைத்து உருவான ‘யெல்லோ சப்மரீன்’ என்ற அனிமேஷன் படத்திலும் பணியாற்றியவர். 1970இல் வெளியான இந்நாவல் அவருடைய இரண்டாவது படைப்பாகும். லண்டனில் இரு சகோதரர்கள் நடத்தும் குற்றக்கும்பலுக்கு அடியாளாக இருக்கும் ஜாக் கார்ட்டர், தன் அண்ணன் ஃபிராங்க் குடிபோதையில் காரோட்டி இறந்ததாகச் செய்தி கேட்டு, அதை நம்பாமல் பிறந்த ஊருக்கு இரயிலேறி வருகிறான். அண்ணன் கொல்லப்பட்டதையும், ஃபிராங்கின் மகளாக வளர்ந்த டோரீனை ஆபாசப் படமொன்றில் நடிக்க வைத்த கூட்டமே அதற்குக் காரணம் என்பதையும் கண்டுபிடித்து, தொடர்புடையவர்களை ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறான். எஃகு ஆலைகளின் தீவெளிச்சம் இரவு வானத்தில் தெரியும் அந்த ஊர் ஸ்கன்தார்ப் நகரத்தை ஒத்திருக்கிறது என்று படிப்பவர்கள் எளிதாகக் கண்டுகொண்டாலும், லூயிஸ் அதன் பெயரை எங்கும் எழுதவில்லை. கதை முழுவதும் ஜாக்கின் தன்மைக் கூற்றாகவே செல்வதோடு, அண்ணனும் தம்பியும் சிறுவர்களாக ஆற்றங்கரையில் திரிந்த நாட்களுக்கும் இருவருக்கும் பிற்பாடு விழுந்த பிளவுக்கும் அடிக்கடி பின்னோக்கித் திரும்புகிறது. பழிவாங்கும் கதைக்குள் ஒரு துக்கக்கதை மறைந்திருப்பது இந்த நினைவுப் பகுதிகளால்தான் தெரியவருகிறது.

நாவல் அச்சாகிக் கடைக்கு வருவதற்கு முன்பே அதன் திரைப்பட உரிமையைத் தயாரிப்பாளர் மைக்கேல் கிளிங்கர் வாங்கிவிட்டார். ரோமன் போலன்ஸ்கி பிரிட்டனில் எடுத்த ‘ரிபல்ஷன்’, ‘கல்-டி-சாக்’ ஆகிய படங்களின் பின்னணியில் இருந்தவர் இவர். நூல் வெளியாகும் முன்னரே உரிமையைப் பேசி முடித்துவிடுவது இத்தொழிலில் வழக்கமான வணிகத் தந்திரம். நாவல் புகழ்பெற்றுவிட்டால் விலை ஏறிவிடும் என்பது மட்டுமல்லாமல், மக்கள் மனத்தில் இன்னும் படியாத கதையை மாற்றுவதற்குத் திரைக்கலைஞருக்குத் தடை குறைவு என்பதும் அதிலுள்ள வசதி. எம்.ஜி.எம். நிறுவனத்தின் பிரிட்டிஷ் பிரிவு பணம் போட முன்வந்தது, மைக்கேல் கெய்ன் நாயகனாக இசைந்தார், திரைக்கதை இயக்கம் இரண்டும் மைக் ஹாட்ஜஸிடம் ஒப்படைக்கப்பட்டன. ஹாட்ஜஸ் அதுவரை திரையரங்குக்கென ஒரு படமும் எடுத்ததில்லை. ‘வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்’ என்ற தொலைக்காட்சிச் செய்தி ஆவண நிகழ்ச்சியில் பணியாற்றி, ‘சஸ்பெக்ட்’, ‘ரூமர்’ என இரு தொலைக்காட்சிப் படங்களை எழுதி இயக்கியிருந்தார். ஒரு சம்பவம் நடந்த இடத்துக்கு முதலில் போய்ப் பார்ப்பது, அங்குள்ளவர்களிடம் விசாரிப்பது, பிறகு எழுதுவது என்ற செய்தியாளர் வழக்கம் அவர் கையில் இருந்தது. நாவலைத் தழுவும் பணியையும் அவர் அப்படியே அணுகினார்.

இளைஞராக இருந்தபோது கட்டாய இராணுவச் சேவையின் பகுதியாகக் கடற்படையின் கண்ணிவாரிக் கப்பலில் பணிபுரிந்த ஹாட்ஜஸ், கிழக்குக் கரையிலுள்ள மீன்பிடித் துறைமுகங்களின் வறுமையை அப்போதே நேரில் கண்டிருந்தார். நாவலைப் படித்தபோது அவர் நினைவில் எழுந்தவை அந்தத் துறைமுகங்களே. அவற்றுள் சிலவற்றை மீண்டும் போய்ப் பார்த்தபோது பழைய தோற்றம் மறைந்து புதுக் கட்டடங்கள் எழத் தொடங்கியிருந்தன. இறுதியில் டைன் ஆற்றின் மேல் இரும்புப் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நியூகாசிலை அடைந்ததும் தேடல் முடிந்தது. ஆற்றின் வடகரையில் நியூகாசில், தென்கரையில் தனி நகராட்சியான கேட்ஸ்ஹெட், கிழக்கே கப்பல் கட்டும் தளங்கள், தெற்கே டர்ரம் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்க ஊர்கள் என, உழைப்பால் உருவாகி உழைப்பு குறையக் குறைய மாறிக்கொண்டிருந்த ஒரு பெரும் பகுதி அது. பழைய தொடர்வீடுகளை இடித்துச் சாலைகளும் அடுக்குமாடிகளும் எழுப்பும் திட்டம் 1960களில் அங்கே தீவிரமாக நடந்தது. அதற்குத் தலைமை தாங்கிய நியூகாசில் நகரமன்றத் தலைவர் டி. டான் ஸ்மித் 1974இல் ஊழல் வழக்கில் சிறைக்குச் சென்றார். படம் வந்தது அதற்கு மூன்றாண்டு முன்பு. நகரின் புதுமைக்குள் ஏதோ அழுகியிருக்கிறது என்ற உணர்வை அது நீதிமன்றத்துக்கு முன்பே பதிவுசெய்துவிட்டது.

திரைக்கதையில் ஹாட்ஜஸ் செய்த முதல் பெரிய வெட்டு, ஜாக்கின் தன்மைக் கூற்றையும் பிளாஷ்பேக் பகுதிகளையும் முழுமையாக நீக்கியதாகும். தொழில்முறைத் தழுவலாளர் பலர் பின்னணிக் குரலை வைத்து நாவலின் நடையைக் காப்பாற்ற முயல்வார்கள்; ஹாட்ஜஸ் அதைச் செய்யவில்லை. இதனால் கார்ட்டரின் மனத்துக்குள் நுழையும் வழி அடைபட்டது, சகோதரர்களின் பழைய உறவு சில வசனங்களாகச் சுருங்கியது. இது உண்மையான இழப்பே. நாவலைப் படித்தவர்களுக்குப் படத்தின் ஃபிராங்க் சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு முகம் மட்டுமே. ஆனால் அந்த வெற்றிடத்தை நிரப்ப ஹாட்ஜஸ் ஊரைக் கொண்டுவந்தார். பென்வெல் பகுதியில் இடிக்கப்படக் காத்திருந்த தொழிலாளர் தொடர்வீடுகள், சந்துகளில் கொடிகட்டி உலர்த்திய துணிகள், ஆற்றுப் படகுத்துறை, பந்தயக்கடை, நடனக்கூடம் ஆகியவற்றினூடே கார்ட்டர் நடக்க நடக்க, அவன் எங்கிருந்து தப்பி ஓடினான், ஏன் ஓடினான் என்பதை எவரும் சொல்லாமலேயே பார்வையாளர் அறிந்துகொள்கிறார். கெய்ன் தம் லண்டன் பேச்சை மாற்றிக்கொள்ளாமல் நடித்தது, நியூகாசிலின் தனித்த பேச்சுவழக்கை அறிந்தவர்களுக்கு இன்றும் நெருடலாகவே இருக்கிறது. அந்தக் குறையை இடத்தேர்வின் அழுத்தமே பெருமளவு தாங்கிக்கொள்கிறது எனலாம்.

ஒளிப்பதிவாளர் வுல்ஃப்காங் சுஷிட்ஸ்கியின் பங்கை இங்கே தனியே குறிப்பிட வேண்டும். 1912இல் வியன்னாவில் பிறந்து, 1930களில் அங்கிருந்து வெளியேறி பிரிட்டனுக்கு வந்த அவர், பால் ரோத்தாவின் ஆவணப்படக் குழுவில் பயிற்சி பெற்றவர். தொலைவிலிருப்பதை அருகில் இழுத்துக் காட்டும் நீண்ட குவியத்தூர லென்ஸ்களைப் பயன்படுத்தி, கேமராவை ஒதுக்குப்புறமாக வைத்து, கூட்டத்துக்குள் நடிகரை நடக்கவிட்டுப் படமெடுக்கும் முறை இப்படத்தில் பெரிதும் கையாளப்பட்டது. கார்ட்டர் நகரில் இறங்கியதும் நுழையும் மதுக்கடைக் காட்சியில் நீண்ட மேசையோரம் நிற்பவர்களின் முகங்கள் திரைப்படத்துக்காக வேடமிட்ட முகங்களாக இல்லை. ஒருவர் கோப்பையைத் தூக்கும்போது அவர் கையில் ஆறு விரல்கள் இருப்பது ஒரு நொடி தெரிந்து மறைகிறது, கதை அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடந்துபோகிறது. மற்றொரு காட்சியில், விடுதி அறைக்குள் புகுந்த இரு அடியாட்களைக் கார்ட்டர் உடையின்றியே துப்பாக்கி முனையில் தெருவுக்கு விரட்டிவரும் அதே நேரத்தில், சீருடையணிந்த சிறுவர் சிறுமியர் இசைக்குழு ஒன்று தெருவில் அணிவகுத்துச் செல்கிறது. சுரங்க ஊர்களில் வழக்கமாக இருந்த இவ்வகைக் குழுக்களுள் ஒன்றான பெலா ஹுஸார்ஸ் குழுவையே ஹாட்ஜஸ் படத்தில் பயன்படுத்தினார். நாவலில் இல்லாத இத்தகைய துணுக்குகள், கொலைக்கதை நடக்கும் அதே தெருவில் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்பதை நினைவில் வைத்திருக்கச் செய்கின்றன.

இடத்தைத் தேடிப் போனதில் ஓர் உண்மைக் குற்றமும் எதிர்ப்பட்டது. 1967 ஜனவரியில் டர்ரம் மாவட்டத்தின் சவுத் ஹெட்டன் என்ற ஊரில், ஒரு ஜாகுவார் காருக்குள் சுடப்பட்டு இறந்துகிடந்தவர், வடகிழக்கு மாவட்டங்களின் மனமகிழ் மன்றங்களில் வைக்கப்பட்டிருந்த சூதாட்ட இயந்திரங்களிலிருந்து காசு வசூலிக்கும் தொழிலில் இருந்தவர். அவ்வழக்கில் இருவர் தண்டிக்கப்பட்டனர், அவர்கள் தாங்கள் குற்றவாளிகள் அல்லர் என்றே வாதிட்டனர். படம் இந்த வழக்கின் கதையைச் சொல்லவில்லை. எனினும் ஹாட்ஜஸ் அதைப் பற்றி விசாரித்து அறிந்திருந்தார் என்பதும், நாடகாசிரியர் ஜான் ஆஸ்பர்ன் நடித்த கின்னியர் என்ற குற்றத்தலைவனின் மாளிகையாகத் திரையில் வரும் டிரைடர்டேல் ஹால் அந்தச் சூதாட்ட இயந்திரத் தொழிலோடு தொடர்புடைய ஒருவருக்குச் சொந்தமாக இருந்தது என்பதும், நாவலின் கற்பனை எந்த அளவுக்கு மெய்யான மண்ணில் வந்து இறங்கியது என்பதைக் காட்டுகின்றன.

கேட்ஸ்ஹெட் நகரின் டிரினிட்டி சதுக்க வாகன நிறுத்தகம் இப்படத்தோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட கட்டடம். பூசாத கான்கிரீட்டை அப்படியே வெளிக்காட்டும் புருட்டலிசப் பாணியில், ஓவன் லூடர் நிறுவனத்தின் ரோட்னி கோர்டன் வடிவமைத்த அது 1967இல் திறக்கப்பட்டது. உச்சியில் உணவகத்துக்கென்று அமைக்கப்பட்ட கூடத்தை எடுத்து நடத்த எவரும் வராததால் அது காலியாகவே கிடந்தது. சூதாட்ட இயந்திரத் தொழிலில் பணம் சேர்த்த பிரம்பி என்ற பாத்திரம் அதே உச்சியில் உணவகம் திறக்கக் கனவு காண்பதாகக் காட்டி, அந்த அரைகுறைக் கூடத்திலிருந்து துரத்திவந்து கார்ட்டர் அவனைக் கீழே தள்ளிக் கொல்வதாக ஹாட்ஜஸ் அமைத்தபோது, ஓர் ஊரின் நிறைவேறாத திட்டம் கதையின் பொருளாகவே ஆகிவிட்டது.

ராய் பட் அமைத்த இசைக்குக் கிடைத்த தொகை மிகச் சிறியது. ஹார்ப்சிகார்ட், மின்பியானோ, பாஸ் ஆகியவற்றோடு கிறிஸ் கரன் வாசித்த தபலாவும் சேர்ந்து, லண்டனின் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து புறப்படும் இரயிலின் ஓட்டத்தோடு ஒலிக்கும் அந்த முகப்பிசை, பெரிய வாத்தியக் குழு எதுவும் தந்திருக்க முடியாத தனிமையைத் தருகிறது.

முடிவைப் பொறுத்தவரை தழுவல் நாவலிலிருந்து முற்றாகப் பிரிகிறது. லூயிஸின் கதை ஒரு பழைய செங்கற்சூளையில், கார்ட்டர் காயம்பட்டுக் கிடக்க, அவன் பிழைப்பானா மாட்டானா என்பது தெளிவாகாமல் முடிகிறது. ஹாட்ஜஸ் இக்காட்சியை டர்ரம் கடற்கரையிலுள்ள பிளாக்ஹால் சுரங்கத்துக்கு மாற்றினார்; அங்கே கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகள் சுரங்கக் கழிவைச் சுமந்துசென்று இடைவிடாமல் கடலில் கொட்டின, மணலும் அலையும் கறுத்திருந்தன. அண்ணனைக் கொன்ற எரிக் பெய்சை (இப்பாத்திரத்தில் நடித்த இயன் ஹென்ட்ரியைத்தான் ஹாட்ஜஸ் முதலில் கார்ட்டராக நினைத்திருந்தார்) அண்ணனுக்குச் செய்ததுபோலவே விஸ்கி குடிக்கவைத்துத் துப்பாக்கிக் கட்டையால் அடித்துக் கொன்று, உடலை அத்தொட்டியிலேயே ஏற்றிக் கடலுக்கு அனுப்பும் கார்ட்டர், வேலை முடிந்து சிரிக்கும் கணத்தில் தொலைவிலிருந்து ஒரு கூலிக்கொலையாளியால் நெற்றியில் சுடப்படுகிறான். அந்தக் கொலையாளி தொடக்க இரயில் பயணத்தில் அவனோடு அதே பெட்டியில் அமர்ந்திருந்தவன் என்பதை அவன் விரல் மோதிரத்தை வைத்துக் கண்டுகொள்ளலாம். கொலைகாரனைத் தண்டிப்பவன் தப்பக்கூடாது என்பது ஹாட்ஜஸின் முடிவு. கார்ட்டர் மீது பார்வையாளருக்கு ஏற்படக்கூடிய பாசத்தை அது ஈவிரக்கமின்றி அறுத்துவிடுகிறது.

வெளியானபோது படத்தின் வன்முறை விமர்சகர்களில் ஒரு பகுதியினரைக் கலங்கச் செய்தது. அமெரிக்காவில் எம்.ஜி.எம். அதை முறையாக விளம்பரப்படுத்தவில்லை; மறு ஆண்டே அதே கதையைக் கறுப்பின நடிகர்களை வைத்து லாஸ் ஏஞ்சலஸில் ‘ஹிட் மேன்’ என்று எடுத்தது. 2000இல் சில்வஸ்டர் ஸ்டலோன் நடிப்பில் சியாட்டிலில் வந்த மறுபதிப்பு கதையை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரைப் பெற முடியாமல் தோற்றது. மூலப்படமோ 1999இல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் தயாரித்த சிறந்த நூறு பிரிட்டிஷ் படங்களின் பட்டியலில் 16ஆம் இடம் பெற்றது. பிளாக்ஹால் சுரங்கம் 1981இல் மூடப்பட்டது, கடற்கரை பின்னர் துப்புரவாக்கப்பட்டது. வாகன நிறுத்தகத்தைக் காப்பாற்ற எழுந்த குரல்களையும் மீறி அது 2010இல் இடிக்கப்பட்டது.

படத்தின் வெற்றி நாவலையும் மாற்றியது. மறுபதிப்புகளில் நூலின் பழைய பெயர் நீக்கப்பட்டுப் படத்தின் பெயரே அட்டையில் ஏறியது. நாவல் உயிரோடு விட்டுவைத்திருக்கக்கூடிய நாயகனைத் திரை ஐயத்துக்கிடமின்றிக் கொன்றுவிட்டதால், கார்ட்டரை வைத்து மேலும் எழுத விரும்பிய லூயிஸ் 1974இல் வெளியிட்ட ‘ஜாக் கார்ட்டர்ஸ் லா’ நாவலில் அவன் ஊர் திரும்புவதற்கு முந்தைய லண்டன் வாழ்க்கைக்குப் பின்வாங்க நேர்ந்தது. 1980இல் வந்த கடைசி நாவலான ‘ஜி.பி.எச்.’இல் அவர் தம் லிங்கன்ஷயர் கடற்கரைக்கு மீண்டும் வந்து, குளிர்காலத்தில் வெறிச்சோடிய மேபிள்தார்ப் ஊரைக் களமாக்கினார். இம்முறை ஊருக்கு அதன் உண்மைப் பெயரையே கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில், 42ஆம் வயதில், அவர் காலமானார்.