கோட்டின் வழியே ஒரு வாழ்வு: ஓவியர் நஸ்ரீன் முகமதி

கூலிம் வட்டாரத்தில் வளர்ந்தோர்க்குக் கோடு புதிதன்று. தோட்டத்தில் நேராக நிற்கும் பால்மர நிரைகளையும், மரப்பட்டையில் இடமிருந்து வலமாகச் சரிந்திறங்கும் வெட்டையும் நாம் பார்த்து வளர்ந்தோம். 1996ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கூலிம் ஹைடெக் பூங்காவில் இன்று சிலிக்கன் வில்லைகளின்மேல் கண்ணுக்குப் புலப்படாத கோடுகள் பதிகின்றன. ஆயினும், வெறுங்கோடுகளாலான ஓவியம் ஒன்றை நம் மாணவரிடம் காட்டினால், “இது எதைக் குறிக்கிறது?” என்பதே முதல் வினாவாக எழுகிறது. ஒருகாலத்தில் நாமும் அவ்வாறே வினவினோம். அவ்வினாவையே மாற்றியமைத்த ஒரு பெண்மணியின் வாழ்வை இங்கு நோக்குவோம்.

நஸ்ரீன் முகமதி 1937இல் கராச்சியில் பிறந்தார். 1944இல் அவர்தம் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. இளமையிலேயே தாயை இழந்த அவர், 1954 முதல் 1957 வரை இலண்டனின் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப் பள்ளியில் பயின்றார். தந்தையார் வணிகம் நடத்திய பஹ்ரைனின் மணல்வெளியும் கடலும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. 1961இல் பம்பாயில் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. பின்னர் 1963 வரை பாரிசில் பயின்றார். பம்பாயில், பூலாபாய் தேசாய் நிறுவனத்தின் கலைஞர் சூழலில், அரூப ஓவியத்தில் பெரும்பெயர் பெற்ற வா. சு. கைத்தொண்டேயின் நட்பும் வழிகாட்டலும் அவருக்குக் கிட்டின. 1972இல் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, இறுதிவரை அங்கேயே கற்பித்தார்.

அவர் வாழ்ந்த சூழலையும் கருத வேண்டும். அக்காலப் பரோடாவில் மனித உருவங்களைக் கொண்டு கதை சொல்லும் ஓவியமே ஓங்கி நின்றது. குலாம் முகம்மது ஷேக், பூபேன் கக்கர் முதலியோர் பங்கேற்று, அப்போக்கினை உலகறியச் செய்த ‘பிளேஸ் ஃபார் பீப்பிள்’ கண்காட்சி 1981இல் நிகழ்ந்தது. அத்தகைய ஊரில் நஸ்ரீன் உருவத்தைத் துறந்தார். பின்னர் வண்ணத்தையும் துறந்தார். பொறியியல் வரைவாளர் கையாளும் பலகை, அளவுகோல், நுண்முனைப் பேனா, கறுப்பு மை, வெள்ளைத்தாள் ஆகியவையே எஞ்சின. எழுபதுகளில் கட்டங்களாக அமைந்த கோடுகள், எண்பதுகளில் சாய்கோடுகளாகி வெளியில் மிதக்கத் தொடங்கின. பெரும்பாலான படைப்புகளுக்கு அவர் தலைப்பும் இடவில்லை, ஆண்டும் குறிக்கவில்லை. தறியின் பாவு நூல், கடற்கரை மணல், ஃபத்தேபூர் சிக்ரியின் கல்தளம் ஆகியவற்றை ஒளிப்படங்களாகவும் எடுத்தார். அவற்றைத் தம் வாழ்நாளில் காட்சிக்கு வைத்தாரில்லை.

மொழியியல் பயின்ற நம்மை மிகவும் ஈர்ப்பவை அவர்தம் நாட்குறிப்புகள். எழுதிய வரிகளைப் பல பக்கங்களில் அவரே கறுப்பு மையால் மறைத்திருக்கிறார். மறைத்த பட்டைகளும் எஞ்சிய சொற்களும் சேர்ந்து அப்பக்கம் ஓவியமாகிவிடுகிறது. தமிழர்க்கு இது வியப்பன்று. பழந்தமிழில் ‘எழுத்து’ என்பது ஓவியத்தையும் குறித்தது. கண்ணுக்கு மை ‘எழுதுதல்’ என்னும் வழக்கு இன்றும் உண்டு. ‘வரைதல்’ என்பதும் எழுதுதல், தீட்டுதல் இரண்டிற்கும் பொது. நாம் பின்னாளில் பிரித்த இரண்டையும் அந்நாட்குறிப்புப் பக்கம் மீண்டும் ஒன்றாக்குகிறது.

‘அரூப ஓவியம்’ என்னும் கலைச்சொல்லையும் இவ்விடத்து ஆராய்தல் தகும். அரூபம் எனில் உருவமற்றது. நஸ்ரீனின் தாளிலோ உருவமன்றி வேறில்லை; அங்கு இல்லாதது உருவகப்படுத்தப்படும் பொருள் மட்டுமே. நன்னூலார் பொருட்பெயரினின்று குணப்பெயரை வேறு பிரித்தார். மரம் என்பது பொருள். நேர்மை என்பது பண்பு. மரத்தை விடுத்து, அதன் நேர்மையை மட்டும் தாளில் நிறுத்துவதே இக்கலை. இவ்விலக்கணப் பாகுபாட்டை அறிந்த மாணவர் இவ்வோவியத்தை எளிதில் அணுகுவர்.

பிற்காலத்தில் நரம்பு நோய் ஒன்று அவர்தம் உடலசைவைக் குலைத்தது. இயல்பான இயக்கத்திற்கே கை தடுமாறிய காலத்தும், தாளில் அவர் இட்ட கோடு பிசகவில்லை. 1990 மே மாதம், மகாராஷ்டிரக் கடற்கரைச் சிற்றூரான கிஹிமில் தம் 53ஆம் வயதை எட்டுமுன்னரோ எட்டிய அளவிலோ அவர் மறைந்தார்.

உலகப் புகழ் பின்னரே வந்தது. 2007இல் ஜெர்மனியின் கசல் நகரில் நடந்த டாக்குமென்டா, 2013இல் புதுடில்லியின் கிரண் நாடார் அருங்காட்சியகம், 2015இல் மாட்ரிட்டின் ரெய்னா சோபியா எனப் படைப்புகள் பயணித்தன. 2016இல் நியூயார்க்கின் மெட் புரூயர் திறக்கப்பட்டபோது, அதன் தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்று நஸ்ரீனுடையது. சுவீடனின் ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1906இலேயே அரூப ஓவியம் தொடங்கியவர். 1944இல் மறைந்த அவர்தம் படைப்புகள் 1986இல்தான் பன்னாட்டுப் பார்வைக்கு வந்தன. அதுவரை வரலாறு காண்டின்ஸ்கியையே முன்னோடி என எழுதி வந்தது. இவ்விரு பெண்களின் வரலாறும் ஒன்றை உணர்த்துகின்றன: முன்னோடி என்னும் பட்டம், யாருடைய தாள்கள் பாதுகாக்கப்பட்டன, யார் அவற்றை எடுத்துக் காட்டினர் என்பதையும் பொறுத்தது.

நம் கெடா மாநிலமும் இவ்வரலாற்றுக்குப் புறம்பன்று. 1948இல் அலோர் ஸ்டாரில் பிறந்த ஷரிஃபா ஃபாத்திமா சுபிர், இங்கிலாந்தின் ரெடிங்கிலும் நியூயார்க்கின் பிராட் கழகத்திலும் பயின்று, மலேசிய அரூப ஓவியத்தில் தனியிடம் பெற்றவர். நஸ்ரீன் வண்ணத்தைத் துறந்தார். இவரோ வண்ணத்தையே மொழியாக்கினார். அலோர் ஸ்டார் நமக்கு அண்மையூர். ஆயினும் நம் தமிழ்ப்பள்ளி மாணவருள் எத்தனை பேர் இப்பெயரைக் கேட்டிருப்பர்?

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. கலைக்கல்வி வகுப்பில் ஒரு நாளேனும், “என்ன வரைந்தாய்?” எனக் கேளாமல், “இக்கோட்டை ஏன் இங்கு நிறுத்தினாய்?” எனக் கேளுங்கள். வீட்டு வாயிலில் அன்னையர் இடும் புள்ளிக்கோலத்தையும் அவ்வாறே பார்க்கச் செய்யுங்கள். மாணவர்தம் விடைகளையும் தாள்களையும் பள்ளியில் பாதுகாத்து வையுங்கள்.