இரு நூல் சோதனை

இரு நூல் சோதனை என்பது நிலைமத்தையும் (இலங்கை வழக்கில் சடத்துவம்) விசைகளையும் எளிய பொருட்களைக் கொண்டு விளக்கும் இயற்பியல் செய்முறை ஆகும். கனமான பொருள் ஒன்று நூலில் தொங்கவிடப்பட்டு, அதன் அடியில் அதே வகை நூல் கட்டப்படுகிறது. அடிநூலை மெல்ல இழுத்தால் மேல்நூல் அறுகிறது. வெடுக்கென இழுத்தால் அடிநூலே அறுகிறது. 1687 இல் வெளியான நியூட்டனின் இயக்க விதிகளைக் கொண்டு இதனை முழுமையாக விளக்கலாம்.

செய்முறை

சணல் கயிறு சுற்றிய 1 கிலோகிராம் கல் போதுமானது. நூல்கள் இரண்டும் ஒரே கண்டிலிருந்து வெட்டப்படுதல் வேண்டும். முடிச்சில் நூல் வலுவிழக்குமாதலால் முடிச்சுகளும் ஒரே வகையினவாக இருத்தல் நன்று. தையல் நூல் கல்லையே தாங்காவிடில் சில இழைகளைச் சேர்த்து முறுக்கிக்கொள்ளலாம். மேல்நூல் அறும்போது கல் விழும். கீழே மணல் பரப்பி, கால்களை விலக்கி வைத்துக்கொள்ளவும்.

விளக்கம்

ஒவ்வொரு நூலும் 2 செ.மீ. நீண்டு, 20 நியூட்டன் இழுவிசையில் அறும் எனக் கொள்வோம். கல்லின் எடை 9.8 நியூட்டன். மெல்ல இழுக்கையில் மேல்நூல் இந்த எடையையும் கையின் விசையையும் சேர்த்தே தாங்குகிறது. எனவே கை 10.2 நியூட்டனை எட்டியதும் மேல்நூல் அறுந்துவிடும். அப்போது அடிநூலில் உள்ள இழுவிசை அதில் ஏறத்தாழப் பாதியே.

வெடுக்கென இழுக்கையில் நிலை வேறு. மேல்நூலின் இழுவிசை கூட வேண்டுமாயின் அது நீள வேண்டும். அது நீளக் கல் கீழிறங்க வேண்டும். கை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இழுத்தால் அடிநூல் 0.01 விநாடியில் அறுந்துவிடும். அதற்குள் கல் நகரும் தொலைவு மூன்றில் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே. மேல்நூலில் கூடும் இழுவிசை சுமார் 0.3 நியூட்டன்.

"நிலைமம் விசையை வென்றுவிட்டது" எனச் சிலர் விளக்குவது பிழையாகும். நிலைமம் ஒரு விசை அன்று. அடிநூல் அறும் கணத்தில் கல்லின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இருமடங்கு. அது நகர்வதற்குத்தான் நேரம் போதவில்லை. மேல்நூல் சற்றும் நீளாதது எனக் கற்பனை செய்தால், எவ்வளவு வேகமாக இழுத்தாலும் மேல்நூலே அறும்.

மெதுவு, வேகம் என்பன இங்கு ஒப்பீட்டுச் சொற்களே. மேற்கண்ட கல் மேல்நூலில் மேலும் கீழும் ஒருமுறை அலைவுற ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். இழுப்பு அதனினும் மிகக் குறுகியதாயின் அடிநூலும், மிக நீண்டதாயின் மேல்நூலும் அறும். இடைப்பட்ட வேகத்தில் இழுத்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நூல் அறக்கூடும்.