ஈழத்துப் பாடசாலை நிருவாகம்: முகாமையாளர் முறையும் அதன் பின்னரும்

பாடசாலைத் தலைமை என்னும்போது அதிபரின் ஆளுமையையே பலரும் கருதுவர். ஆயின், அவ்வாளுமை செயற்படும் எல்லையை வகுப்பது நிருவாக அமைப்பேயாகும். ஆசிரியரை நியமிப்பவர் யார், இடமாற்றுபவர் யார், விலக்குபவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் காலந்தோறும் கிடைத்த விடைகளைக் கொண்டே ஈழத்துப் பாடசாலை நிருவாகத்தின் வரலாற்றை விளங்கிக்கொள்ளலாம்.

கோல்புறூக் ஆணைக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1834இல் பாடசாலை ஆணைக்குழு நிறுவப்பட்டது. 1841இல் அதனிடத்தை மத்திய பாடசாலை ஆணைக்குழு பெற்றது. மோர்கன் குழுவினரின் விதப்புரைப்படி 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியதும் உதவி நன்கொடை முறை நிலைபெற்றது. பாடசாலையை நடத்துவோர் மிசனரிமாரும் பிற சமய நிறுவனத்தாருமாக இருக்க, அரசு நன்கொடை வழங்கிப் பரிசோதகர் வாயிலாக மேற்பார்வை செய்தது. மாணவர் பரிசோதகர்முன் காட்டிய பெறுபேற்றிற்கேற்ப நன்கொடை அளந்து கொடுக்கப்பட்டமையால், வாசிப்பு, எழுத்து, கணக்கு என்பவற்றைக் கடந்து சிந்திக்கத் தலைமையாசிரியருக்கு வாய்ப்பு அரிதாயிற்று.

இம்முறையின் மையமாக விளங்கியவர் முகாமையாளர். நியமனமும் விலக்கலும் அவர் கையில் இருந்தன. ஊரின் தேவையை அண்மையிலிருந்து அறிந்து விரைந்து முடிவெடுத்தல் இதனாற் கைகூடிற்று. யாழ்ப்பாணத்தில் 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமந்தோறும் பாடசாலை அமைக்க முடிந்தமைக்கும் இம்முறையே வழிவகுத்தது. எனினும், பொதுப்பணத்தில் ஊதியம் பெற்ற ஆசிரியரின் வாழ்வு தனியார் ஒருவரின் விருப்பில் தங்கியிருந்தது. சமயச் சார்பு தகுதியை மீறிற்று என்றும், ஊதியத்தில் ஒரு பகுதி நன்கொடை என்ற பெயரிற் கழிக்கப்பட்டது என்றும் முறைப்பாடுகள் எழுந்தன.

1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா காலத்தில், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. செலவை அரசு ஏற்க, ஆட்சி பிறரிடம் இருத்தல் பொருந்துமா என்ற வினா வலுப்பெற்றது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் அதற்கு விடையளித்தன. உதவி நன்கொடைப் பாடசாலைகளின் முகாமை கல்விப் பணிப்பாளரிடம் சென்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் தங்கியிருந்து எதிர்ப்புக் காட்டியும் மாற்றம் நின்றிலது. உயர்தரப் பாடசாலைகள் சில மட்டும் அரச உதவியைத் துறந்து தனித்து இயங்கின.

முகாமையாளரிடமிருந்து விடுபட்ட ஆசிரியர் அரசாங்க ஊழியராயினர். ஆதலின் அவர்தம் நிலை அரசாங்க சேவையின் பொதுநிலையோடு பிணைந்தது. 1947இல் நடைமுறைக்கு வந்த சோல்பரி அரசியலமைப்பு அரச ஊழியரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று என்பவற்றைப் பகிரங்க சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்திருந்தது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு அவ்வதிகாரத்தை அமைச்சரவைக்கு மாற்றியது. இடமாற்றத்தில் ஊரின் முகாமையாளர் வகித்த இடத்தைத் தொகுதியின் அரசியல்வாதி பெறுவதற்கு இது வழிதிறந்தது. 1978இல் ஆணைக்குழு மீண்டும் அமைந்தபோதும் அமைச்சரவையின் மேலாதிக்கம் நீங்கவில்லை. 2001ஆம் ஆண்டின் 17ஆவது திருத்தமே அதற்குச் சுதந்திரமான அதிகாரத்தை வழங்க முயன்றது. இதற்கிடையில், 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பயனாக, தேசிய பாடசாலைகள் ஒழிந்த ஏனைய அரச பாடசாலைகள் மாகாண சபைகளின் நிருவாகத்தின்கீழ் வந்தன.

இம்மாற்றங்கள் அனைத்திலும் ஓர் உண்மை புலனாகின்றது. அதிகாரம் முகாமையாளரிடமிருந்து பணிப்பாளருக்கும், அமைச்சருக்கும், மாகாணத்துக்கும் கைமாறிய போதெல்லாம் அது அதிபரைக் கடந்தே சென்றது. தம்முடன் பணியாற்றும் ஆசிரியரைத் தெரிவுசெய்யும் உரிமை அவருக்கு வாய்க்கவில்லை. பாடசாலையின் பெறுபேற்றிற்கான பொறுப்பு மாத்திரம் அவரிடமே எஞ்சியது. முகாமையாளர் முறையின் அநீதியை மீளக் கொணராது, அதிலிருந்த அண்மையையும் விரைவையும் அரச முறைக்குள் எவ்வாறு பேணுவது என்பதே 1961 விட்டுச்சென்ற வினா. பொறுப்புக்கேற்ற அதிகாரமும் அதிகாரத்துக்கேற்ற கண்காணிப்பும் ஒருங்கே அமையும்வரை அவ்வினா விடைபெறாது.